தம்பின் ஸ்டேஷன்: மலாக்காவின் ரயில் வாசல், அன்றும் இன்றும்

மலாக்கா நகரத்துக்கு ரயிலில் போக முடியாது. யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர். விடுமுறை நாள்களில் தெருவில் நடக்க இடமில்லாமல் சுற்றுப்பயணிகள் குவியும் ஊர். ஆனாலும் ரயிலில் வருகிறவர் வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளி, புலாவ் செபாங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ வாடகைக் காரோ பிடித்துத்தான் நகரத்துக்குள் நுழைய வேண்டும். ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று இன்றைய பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1905-இல் இங்கிருந்து மலாக்கா நகரம் வரைக்கும் ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. ஜப்பானியர் வரும்வரை அதில் ரயில் ஓடியது. பிறகு அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அதே ஜப்பானிய ஆட்சி, அதே சயாமுக்கு, நம் தோட்டத்துச் சனங்களையும் வண்டி வண்டியாக ஏற்றி அனுப்பியது.

பழைய தலைமுறை 'தம்பின் ஸ்டேஷன்' என்று சொல்லிப் பழகிய இந்த நிலையத்தின் நூற்றிருபது ஆண்டுக் கதை, மலாக்காத் தோட்டத் தமிழரின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. நிலையத்தைப் பார்த்தால் எல்லாம் முன்னேற்றமாகத் தெரியும். அதில் ஏறி இறங்கிய மக்களைப் பார்த்தால், கணக்கு வேறு.

எல்லையில் எழுந்த நிலையம்

தம்பின் ஊர் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. தம்பின் ஸ்டேஷனோ மலாக்கா மண்ணில், அலோர் காஜா மாவட்டத்துப் புலாவ் செபாங்கில் அமைந்தது. இரண்டு ஊரும் ஒட்டிப் பிறந்தவை. கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடும். அந்தக் காலத்தில் இந்த எல்லைக்கு இன்றைவிடக் கனம் அதிகம். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றம் என்ற பெயரில் பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்தன. நெகிரி செம்பிலானோ சுல்தான்களும் மலாய்த் தலைவர்களும் பெயரளவில் ஆண்ட கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. ரயில்வே அந்தக் கூட்டு மாநிலங்களுடையது. 1901-இல் ஒரே நிர்வாகமாக ஆனது. ஆக, நிலம் ஓர் ஆட்சியினுடையது, ரயில் இன்னோர் ஆட்சியினுடையது.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. ஈயத்தைச் சுரங்கத்திலிருந்து கப்பலுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. அப்படித் துண்டு துண்டாகப் போட்ட பாதைகளைப் பின்னர் இணைத்தார்கள். 1903-இல் வடக்கே பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே தடம் ஆனது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தம்பினைத் தொட்டுக் கெமாஸை எட்டியது. 1909-இல் ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் வந்தது. 1923-இல் ஜொகூர் பாலம் திறந்தபின் சிங்கப்பூர் வரை இறங்காமலே போகலாம் என்றாயிற்று.

மலாக்கா மட்டும் இந்தப் பெரும் தடத்துக்கு வெளியே, கடலோரத்தில் ஒதுங்கியிருந்தது. ஒரு காலத்தில் கீழ்த்திசை வாணிகத்தின் தலைநகரம். தமிழ் வணிகர்கள் சுல்தான்கள் காலத்திலேயே கடை விரித்த துறைமுகம். பினாங்கும் சிங்கப்பூரும் தலையெடுத்தபின் கப்பல்கள் இந்தப் பக்கம் வருவது குறைந்துபோனது. அந்தத் துறைமுகத்தையும் புதிதாக முளைத்த ரப்பர்த் தோட்டங்களையும் பெரும் தடத்தோடு கோக்கத்தான் 1905-இல் தம்பினிலிருந்து கிளை பிரிந்தது. நீளம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அலோர் காஜா மாவட்டத்தைத் தாண்டி, மலாக்கா நகரில் முடிந்தது. தம்பின் அன்றைக்குச் சாதாரண நிலையமாக இல்லை. ஒரு ஜங்ஷனாக இருந்தது. சிரம்பான் பக்கமிருந்து வருகிறவர், கெமாஸ் பக்கமிருந்து வருகிறவர், மலாக்காவிலிருந்து வருகிறவர் மூவரும் வண்டி மாறும் இடம்.

ரப்பரும் ரயிலும் ஒன்றாக வந்தன

மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று ரப்பர் நட்டது மலாக்காவில்தான். சீன வணிகர் டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. பத்தாண்டு கழித்து மோட்டார் வண்டிகளின் டயருக்காக ரப்பர் விலை எகிறியது. லண்டன் கம்பெனிகள் காட்டை வளைத்துப் போட்டன. கிளைப்பாதை திறந்ததும் இந்த ரப்பர்க் காய்ச்சல் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே சமயம். இரண்டுக்கும் வேண்டியது ஆள்; ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்தபின், கங்காணி பின்னால் ரயில் ஏறினார்கள். காடேக், அலோர் காஜா, தெபோங், பத்தாங் மலாக்கா பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தம்பின் வட்டாரம்தான் புதிய நாட்டின் முதல் வாசல். இறங்கிய இடத்திலிருந்து மாட்டுவண்டியோ நடையோதான். கையில் ஒரு துணி மூட்டை, தலையில் ஒரு தகரப் பெட்டி. மூன்று வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவர்களில் பலருடைய கொள்ளுப்பேரர்கள் இன்று மலாக்காவில் வாழ்கிறார்கள்.

ரயில்வேயிலும் தமிழர்கள்தான் நிறைந்திருந்தார்கள். அதற்குள்ளே இரண்டு தட்டு. ஆங்கிலம் படித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் நாற்காலியில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்தில் இருந்தார்கள். இரு தரப்பும் பேசியது தமிழ்தான் என்றாலும், குடியிருந்த வீடும் பிள்ளைகள் போன பள்ளியும் வேறு வேறு. மலாயா முழுவதும் ரயில்வே இப்படித்தான் ஓடியது.

தண்டவாள வேலையை 'கேங்கு வேலை' என்பார்கள். சில மைலுக்கு ஒரு கேங்கு. கேங்குக்கு ஒரு மேஸ்திரி. பாதையோரத்தில் வரிசை வீடு. விடிந்ததும் ஓர் ஆள் நீளக்கைச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டையிலிருந்து கட்டைக்குக் கால் வைத்து நடப்பார். தளர்ந்துபோன ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறுக்கிக்கொண்டே போவார். தட்டும்போது எழும் சத்தத்தை வைத்தே ஆப்பு கெட்டியா, ஆட்டமா என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் கடப்பாரையைத் தண்டவாளத்தின் அடியில் கொடுத்து, ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே மூச்சில் நெம்பி, கோணிய பாதையை நேராக்குவார்கள். கட்டைக்கு அடியில் சல்லி திணிப்பது, புல் வெட்டுவது, மழைக்காலத்தில் மண் சரிந்த இடத்தில் இரவெல்லாம் நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. வெயிலில் இரும்பு கொதிக்கும். செருப்புக்கூட இல்லாத கால்கள். பாதையோரத்தில் ஒரு மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு கல் நட்டு, ஆண்டுக்கொரு முறை பூசை போட்டார்கள். மலேசியாவில் ரயில் பாதையை ஒட்டி இன்றும் இருக்கிற சிறு கோவில்களில் பல இப்படிப் பிறந்தவை.

ஒற்றைத் தடம் என்பதால் நிலையத்தில் இன்னொரு வேலை நடந்தது. எதிரெதிரே இரண்டு வண்டி ஒரே தடத்தில் வந்துவிடக் கூடாது. அதற்காக அடுத்த நிலையம் வரைக்குமான பாதைக்கு அனுமதிச் சின்னமாக ஒரு டோக்கன் உண்டு. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, வண்டி ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். டோக்கன் கைக்கு வராமல் வண்டி நகராது. நிற்காத வண்டி என்றால், நடைமேடை ஓரத்தில் ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். ஓடுகிற வண்டியிலிருந்து கை நீண்டு அதை வாங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்த வளையத்தை நம்பித்தான் கடந்துபோயின.

சயாமுக்குப் போன தண்டவாளம்

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியப் படை தம்பினையும் மலாக்காவையும் பிடித்தது. அதே நாள்களில், ஜனவரி 14 அன்று, தம்பினுக்குக் கிழக்கே கெமாஸ் போகும் சாலையில் கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து தாக்கியது. ஜப்பானியருக்குப் பெருத்த சேதம். ஆனால் அவர்கள் வேகம் குறையவில்லை. ஒரு மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது.

பர்மாவில் இருந்த தங்கள் படைக்குக் கடல்வழியே சாமான் அனுப்புவது ஜப்பானியருக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் குடைந்து ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். புதிய தண்டவாளம் செய்ய நேரமில்லை. பிடித்த நாடுகளில் இருந்ததைப் பிடுங்கினார்கள். மலாயாவில் கிழக்குக் கரைத் தடத்தின் பெரும்பகுதியையும் தம்பின்–மலாக்காக் கிளையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். முப்பத்தேழு ஆண்டு ஓடிய பாதை மண்மேடாகக் கிடந்தது.

இரும்பு போன வழியே மனிதர்களும் போனார்கள். சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை அடைத்துக்கொண்டு வடக்கே போன சரக்கு ரயில்கள் தம்பினைக் கடந்துதான் போயின. தோட்டத்து மக்களுக்கு முதலில் ஆசை காட்டினார்கள்: நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம். ரப்பர் விற்க வழியில்லாமல் தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. பலர் பெயர் கொடுத்தார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராததைக் கண்டு மற்றவர்கள் பின்வாங்கியபோது, ஆள்பிடி தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வந்தது. இலவசப் படக்காட்சி என்று கூட்டிவைத்து, வாசலை மறித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போன கதைகள் மலாயாவின் பல தோட்டங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன.

அந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சத்தை ஒட்டியவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் தொண்ணூறாயிரம் பேர்வரை மாண்டார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காலில் வைத்த புண்ணும் கொன்றன. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவர்கள் படையிலேயே மருத்துவர்கள் இருந்தார்கள். செத்தவர்களின் பெயரை யாராவது எழுதிவைத்தார்கள். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குக் கல்லறை உண்டு. பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. தமிழனுக்குப் பெயர் எழுத ஆளில்லை. குழிக்குள் குவித்து மூடினார்கள், சில இடத்தில் கொட்டகையோடு எரித்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர் முடிந்தபின் மிஞ்சியவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். தோட்டத்தில் கணவனுக்காகக் காத்திருந்த பெண்களில் பலர் எத்தனையோ வருடம் பொட்டை அழிக்காமல் இருந்தார்கள்; செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, சேதியும் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இந்தத் துயரத்தைத் தமிழில் பதிவு செய்தது. அரசாங்கப் பதிவேடுகளில் அது எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறது.

போர் முடிந்தபின் கிழக்குக் கரைத் தடத்தை மீண்டும் போட்டார்கள். 1950-களின் நடுவில் அது முழுமை பெற்றது. மலாக்காக் கிளையை யாரும் போடவில்லை. சாலை இருந்தது, பஸ் இருந்தது, லாரி இருந்தது; போதும் என்று விட்டுவிட்டார்கள். ஜங்ஷனாக இருந்த தம்பின், வழியிலுள்ள ஒரு நிலையம் ஆனது.

மெயில் ரயில் காலம்

1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகள் பாதையைப் பெயர்த்தார்கள், வண்டியைச் சுட்டார்கள். பெரிய வண்டிக்கு முன்னால் கவசம் பூட்டிய சிறு வண்டி ஒன்று பாதையைச் சோதித்துக்கொண்டு போகும். அந்தச் சோதனை வண்டிக்கும் முன்னால், விடிகாலையில் பாதையில் நடந்தவர் அந்தக் கேங்கு ஆள்தான். தோட்டத்து லயன்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

1957-இல் நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டு, டீசல் எஞ்சின்கள் பெரும் தடத்தில் வந்தன. நீராவி வண்டி மெல்ல மெல்ல ஓய்ந்தது. 1962 டிசம்பரில் ரயில்வே ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாள்கூலிக்காரர்களை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்பது கோரிக்கை. மூன்று வாரம் ரயில் ஓடவில்லை. மழை பெய்தால் கூலி போச்சு என்றிருந்த தண்டவாளத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் என்பது மானப் பிரச்சினை. அதற்காக அவர்கள் பட்டினி கிடக்கவும் தயாராக இருந்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு ரயில் என்றால் இரவு மெயில்தான் நினைவுக்கு வரும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கும் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கும் இரவோடிரவாக ஓடிய வண்டி. மூன்றாம் வகுப்பு மரப்பலகையில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு தாய்மார்கள். தாம்பூலத் தட்டோடு பெண் பார்க்கப் போகிறவர்கள். சிங்கப்பூரில் கப்பல் தளத்தில் வேலைக்குப் போன மகன் மாதக் கடைசியில் வருகிறானா என்று பார்க்க வந்து நிற்கும் அப்பா. அன்றைக்குச் சிங்கப்பூர் அயல்நாடு கிடையாது. 1965-க்குப் பிறகுதான் அங்கே போக வேறு காகிதம் தேவைப்பட்டது.

வழியனுப்பும் அழுகைக்கும் இந்த நடைமேடை பழகிப்போயிருந்தது. தமிழ்நாட்டு ஊருக்குப் போகிறவர்கள் ரயில் ஏறித் துறைமுகத்துக்குப் போய், 'ரஜூலா' கப்பலைப் பிடித்தார்கள். 1969-க்குப் பிறகு இந்த அழுகை பெருகியது. குடியுரிமை எடுக்காதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்று சட்டம் வந்தது. நாற்பது ஆண்டு பால் வெட்டியவர்கள், சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் என்ற காரணத்தால் வேலையிழந்தார்கள். பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். மலாயாவிலேயே பிறந்த பிள்ளைகள் பார்த்திராத ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

தோட்டம் கலைந்தது

ரயில் நிலையத்தில் கூட்டம் குறைந்ததற்குக் காரணம் ரயிலில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. துண்டாடலில் சிக்கியவர்கள் ஒரே நாளில் வேலையும் வீடும் இழந்தார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டங்களைத் தொழிலாளிகளின் பெயரிலேயே வாங்கினார். அது பலரைக் காப்பாற்றியது; எல்லாரையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை.

1970-களில் மலாக்காவில் பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தடையற்ற தொழில் வட்டாரங்கள் எழுந்தன. விடிகாலை இருட்டில் ஃபேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்தியில் வந்து நின்றது. தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு, போகவேண்டிய பெண்கள் அதில் ஏறினார்கள். சொந்தச் சம்பளம், சொந்தச் செலவு. ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதே சமயம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்த ஆளும் பின்னர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார். சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயன்கள் இடிந்தன. மாரியம்மன் கோவில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றது.

மக்கள் மலாக்கா நகரத்துத் தாமான்களுக்கும், சிரம்பானுக்கும், கோலாலம்பூருக்கும், எல்லை தாண்டி வேலை பார்க்க ஜொகூர் பாருவுக்கும் போனார்கள். பெயரில் 'லாடாங்' ஒட்டிக்கொண்ட தமிழ்ப் பள்ளிகளில் பல இன்று நிற்கும் இடத்தில் தோட்டமே இல்லை. புலாவ் செபாங்கிலும் ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது; பிள்ளைகள் தாமான்களிலிருந்து வருகிறார்கள்.

இன்றைய நிலையம்

2008-இல் சிரம்பானுக்கும் கெமாஸுக்கும் இடையே 98 கிலோமீட்டருக்கு இரட்டைத் தடம் போட்டு மின்மயமாக்கும் வேலை தொடங்கியது. செய்தது இந்திய ரயில்வே அமைச்சின் கீழுள்ள இர்க்கான் நிறுவனம். நூறு ஆண்டுக்கு முன் இந்தப் பாதைக்குக் கடப்பாரையோடு ஆள் அனுப்பிய நாடு, இம்முறை பொறியாளர்களை அனுப்பியது. 2013-இல் வேலை முடிந்தது. பழைய நிலையத்துக்குப் பதிலாகப் புதிய கட்டடம் எழுந்தது. பெயரும் புலாவ் செபாங்/தம்பின் என்று ஆனது. மண்ணுக்குரிய ஊரின் பெயர் பலகையில் முன்னால் வந்தது.

2015 அக்டோபரில் மின்ரயில் கெமாஸ் வரை ஓடத் தொடங்கியது. கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலும் கெமாஸ் வரை நீண்டு, அடுத்த ஆண்டு சுருங்கி, புலாவ் செபாங்கையே தெற்கு முனையாக்கிக்கொண்டது. வேக ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரம் சொச்சம். 2025-இல் அதே மின்தடம் கெமாஸைத் தாண்டி ஜொகூர் மாநிலத்துக்குள் நுழைந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மின்தூக்கி, நடைமேடைக்குக் கூரை, கைப்பேசியில் டிக்கெட். டோக்கன் வளையம் இல்லை; சமிக்ஞை கணினியில் நடக்கிறது. பாதையில் வேலி போட்டு, வாகனங்கள் கடந்த இடங்களில் பாலம் கட்டிவிட்டார்கள். கேட் கீப்பர் வேலையும் போனது. பாதையை இப்போது இயந்திரம் சரிபார்க்கிறது. கால் வெந்து வேலை செய்த மனிதனின் துன்பம் போனது நல்லது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

தமிழருக்கு இந்த மாற்றத்தில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கொம்யூட்டர் தடத்தின் வடக்கு முனை பத்துமலை. தெற்கு முனை புலாவ் செபாங். மலாக்கா எல்லையில் ஏறி, வண்டி மாறாமல் முருகன் சந்நிதியின் அடிவாரத்தில் இறங்கலாம். தைப்பூசத்துக்குக் கூடுதல் வண்டிகள் விடுகிறார்கள். அன்றைக்கு இந்த நடைமேடையில் மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியும் நிறைந்திருக்கும். மடியில் பித்தளைச் சொம்பை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பாட்டியிடம் பேரன் கைப்பேசியில் டிக்கெட்டைக் காட்டி, "ரெண்டு பேருக்கும் எடுத்துட்டேன் பாட்டி, நீங்க எழுந்திரிக்காதீங்க" என்கிறான். தோட்டத்திலிருந்து லாரியில் நின்றுகொண்டே பத்துமலைக்குப் போன தலைமுறைக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் மலாக்கா நகரம் இன்னும் ரயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டத்துக்கு 2016-இல் இரு நாடும் கையெழுத்திட்டபோது, ஆயர் குரோவில் மலாக்காவுக்கென்று ஒரு நிலையம் திட்டத்தில் இருந்தது. 2020 டிசம்பர் 31-உடன் அந்த ஒப்பந்தம் முடிந்துபோனது. கிளைப்பாதையை மீண்டும் போட வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது.

எதைப் பெற்றோம், எதை விட்டோம்

அன்று ரயில் மெதுவாகப் போனது. ஏறியவர்கள் அக்கம்பக்கத்துத் தோட்டத்து மக்கள். இன்று ரயில் பறக்கிறது. ஏறுகிறவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் நகரத்துக்குப் போகிறவர்கள். அன்று கூலியாக வந்தவரின் கொள்ளுப்பேத்தி இன்று பொறியாளராகவோ தாதியாகவோ அதே தடத்தில் கோலாலம்பூர் போகிறாள். இது இழப்புக் கணக்கு மட்டும் என்று சொன்னால் அவளுக்கு நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். அவளுடைய உயர்வுக்காகத்தான் முன்னோர் அந்த இரும்பைத் தோளில் சுமந்தார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது. மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கான பதில் சயாமில் மாண்ட தமிழர் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. அந்தப் பதில் பாடப்புத்தகத்துக்கும் சுற்றுலா வழிகாட்டிக்கும் போவதற்கு முன், நிலையத்திலேயே இருக்க வேண்டும். மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை போதும்: 1905-இல் இங்கிருந்து மலாக்காவுக்கு ரயில் போனது, போர்க்காலத்தில் இந்தத் தண்டவாளம் சயாமுக்குப் போனது, இந்த வட்டாரத்துத் தோட்ட மக்களும் அங்கே போனார்கள் என்று. மலாக்காவின் பாரம்பரியம் கோட்டையும் செட்டிகளின் கோவிலும் பழந்தெருவும் மட்டும் என்று நினைத்தால், இந்த மாநிலத்தை ரப்பர் மாநிலமாக்கியவர்கள் அதில் சேராமலே போய்விடுவார்கள்.

பலகை வைப்பது அரசாங்கத்தின் கையிலும் ரயில்வேயின் கையிலும் இருக்கிறது. பெயர்களைச் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. 1943-இல் அப்பாவை ரயிலில் ஏற்றிவிட்டு நின்ற ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று எண்பது வயது தாண்டிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் சிலர் மலாக்காவின் தாமான் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மலாக்கா மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் கேட்டு எழுதினால், ஆண்டு இறுதிக்குள் ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். கோவில் திருவிழாவுக்கு நன்கொடைப் பட்டியல் போடத் தெரிந்த சமுதாயத்துக்கு இது கடினமான வேலை இல்லை. காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிடைத்தது பெயர்தான். நம்மவர்களுக்கும் முதலில் சேர வேண்டியது அதுவே. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.